கரடியின் குறட்டை

சென்ற மாதம் நித்யாவிடமிருந்து கைப்பேசியில் ஒரு குரல் செய்தி வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளில் சிறுவர் இசை நாடகம் போடும் எங்கள் குழுவை இப்போது நடத்துகிறவர் அவர். கழுத்தெலும்புத் தேய்வால் நான் குழுவிலிருந்து விலகி எட்டு மாதம் ஆகிறது.

"அண்ணா, நல்லாருக்கீங்களா? ஒரு சின்ன விசயம் கேக்கோணுங்க. இப்பப் பாட்டெல்லாம் ரெக்கார்டு பண்ணிப்போட்டோம். கரடி படுத்ததும் மியூசிக் வந்தருது. அதுல அந்தக் குறட்டை கேக்கறதே இல்லீங்க. எடுத்துப்போட்டா இருபது செகண்டு மிச்சம். எடுத்தரட்டுங்களாண்ணா?"

இரண்டு நாளில் எழுதி அனுப்புகிறேன் என்று பதில் போட்டேன். ஒரு மாதம் ஆகிவிட்டது. என்னிடம் இருபத்தொன்பது குறிப்பேடுகள் இருக்கின்றன, ஆண்டுக்கு ஒன்று. ஊர், பள்ளி, தரையில் உட்கார்ந்த பிள்ளைகள் ஏறக்குறைய எத்தனை பேர், எந்தப் பாட்டில் தாளம் தப்பியது, மாஸ்டர் என்ன சொன்னார் என்பதை நிகழ்ச்சி முடிந்த அன்றே எழுதிவிடுவேன். நித்யாவின் கேள்விக்குரிய பக்கம் எந்த ஏட்டில் இருக்கிறது என்று தேட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அதை எடுக்கத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

நான் நடிப்பைப் படித்தவன் அல்லன். ஒரு நூற்பாலை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஆலையின் ஆண்டு விழா நாடகங்களில் பாடுவேன். ஆலை மூடியபோது எனக்கு இருபத்தாறு வயது. அப்போது இந்தக் குழுவை நடத்திய கனகராஜ் மாஸ்டர், விழா நாடகமொன்றில் என்னைப் பார்த்திருந்தவர், கூப்பிட்டுவிட்டார். முதல் ஆண்டு மரமாக நின்றேன். இரண்டாம் ஆண்டு நரியின் பின்பாட்டுக்காரன். மூன்றாம் ஆண்டில் கரடித் தலை என் தோளில் ஏறியது. அதன் பிறகு இறங்கவில்லை.

மாஸ்டர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. வேனைக் கழுவுகிறவரிலிருந்து பள்ளித் தாளாளர் வரை எல்லோருக்கும் ஒரே மரியாதைதான். "ஒருக்கா செஞ்சு பாத்தரலாங்களா?" என்பார். அந்த ஒருக்கா சில நாள் இருபது தடவை ஆகும். நாடகம் நடக்கும்போது அவர் மேடையைப் பார்ப்பதில்லை. ஓரத்தில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, திரும்பி, அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த இடத்தில் எந்தப் பிள்ளை காலைச் சொறிந்தது என்று பென்சிலால் குறித்து வைத்திருப்பார். "அந்த எடத்துல நாம தொங்கிப்போயிட்டோமுங்க" என்பதுதான் அவர் சொல்லும் அதிகபட்சக் குறை.

கரடி வேடம் போடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நனைத்துப் பிழிந்த துண்டு கழுத்தைச் சுற்றி. பிறகு பருத்தி பனியன், பஞ்சு வயிறு, ரோம உடுப்பு, பாதங்கள், கையுறைகள். தலை கடைசியில். பிரம்பும் ஸ்பாஞ்சும் வைத்து மாஸ்டரே செய்த தலை அது. மூன்றரைக் கிலோ. கரடியின் வாயில் கறுப்பு வலை இருக்கும். அதன் வழியாகத்தான் நான் பார்க்க வேண்டும். கீழே மூன்றடி தூரமும் எதிரே பத்தடி தூரமும் தெரியும்.

வேடத்துக்குள் போன பிறகு மூன்று விதிகள். பிள்ளைகள் கண்ணில் படும்படி தலையைக் கழற்றக் கூடாது. கரடி பேசக் கூடாது. பிள்ளைகள் வந்து ஏதாவது கேட்டால் ஆமாம் என்று மட்டும் தலையாட்ட வேண்டும். இல்லை என்று ஆட்டினால் பிள்ளை முகம் வாடிவிடும், பக்கத்துப் பிள்ளையும் அழும் என்பது மாஸ்டரின் கணக்கு. 'நீ மேட்டுப்பாளையம் மலையில இருந்தா வந்தே?' ஆமாம். 'பஸ்ஸுலயா வந்தே?' ஆமாம். 'டிக்கெட் எடுத்தியா?' அதற்கும் ஆமாம். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "உங்ககிட்ட கேக்கறதுக்கு அந்தக் காலண்டர்கிட்டக் கேக்கலாம். காத்தடிச்சா அதுவுந்தான் தலையாட்டுது" என்பாள் என் மனைவி.

விதியை மீறாமல் சிரமப்பட்டதும் உண்டு. அந்தியூர் குதிரைச் சந்தையில் ஒரு முறை நாடகத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். மேடைக்குப் போகும் வழியில் என்னைப் பார்த்து ஒரு குதிரை மிரண்டு, கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. குதிரைக்காரர் வந்து என் எதிரில் நின்று, "ஏனுங்க கரடி, மனுசன் நடக்கற தடத்துல உங்களுக்கு என்னங்க வேலை? காடு எரிஞ்சா போச்சு?" என்று கேட்டார். சுற்றிலும் பிள்ளைகள். பேசவும் முடியாது, தலையைக் கழற்றவும் முடியாது. ஆமாம் என்று ஆட்டினேன். "திமிரப் பாருங்க" என்றார். மாஸ்டர் ஓடி வந்து கும்பிட்டுச் சமாதானப்படுத்தினார். அன்று வேனில் திரும்பும்போது எல்லோரும் சிரித்தோம். அந்தப் பக்கத்தில் சிரிப்புக்கு நான் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருக்கிறேன்.

இனி அந்தக் காட்சி. மழைக்காலத்தில் வயிறு முட்டத் தேன் குடித்துப் படுத்த கரடி, மழை விட்ட பிறகும் எழுந்திருப்பதில்லை. முயல் இழுத்துப் பார்க்கும், குரங்கு காதில் ஊதிப் பார்க்கும். பிறகு கதை சொல்லும் ஸ்டெல்லா அக்கா முன்னால் வந்து பிள்ளைகளிடம் சொல்வார். "ஒரு வார்த்தை மாத்தாம, எல்லாருஞ் சேர்ந்து, சத்தமாப் பாடோணும். அப்பத்தான் எந்திரிப்பாரு." பாட்டு இது.

கரடி மாமா எந்திரிங்க
காடு விடிஞ்சு போச்சுங்க
கூட்டுல தேனு காத்திருக்கு
கூடச் சேர்ந்து வாங்க

முதல் தடவை பாடும்போது கரடி அசையாது. "சத்தம் பத்தலைங்களே" என்பார் அக்கா. இரண்டாம் தடவையும் அசையாது. "அந்தக் கடைசி வரிசை பாடவே இல்லை. ஒருத்தர் பாடலீன்னாலும் எந்திரிக்க மாட்டாரு." மூன்றாம் தடவை கட்டடமே அதிரும். அப்போது என் ஒரு விரல் அசையும். பிறகு ஒரு பாதம். பிறகு நான் எழுவேன்.

அந்தக் காட்சியில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மூச்சு விடுவது வயிற்றில் தெரியாமல் ஐந்து நிமிடம் கிடப்பேன். பஞ்சு வயிற்றுக்குக் கீழே என் வயிற்றை ஒட்டவைத்து, நெஞ்சின் மேல்பகுதியால் சிறிது சிறிதாக மூச்சு விட ஒரு வருடம் பழகினேன். முன்வரிசைப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "அப்படியே கட்டையாட்டம் கெடக்கறீங்க" என்று மாஸ்டரே ஒரு முறை சொன்னார். அதை எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறேன்.

பதினாறு ஆண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல்லடத்துக்கு அருகே ஒரு தொடக்கப்பள்ளியில் நாடகம். அந்த ஊரில் எங்கே நின்றாலும் விசைத்தறிச் சத்தம். அதற்கு மேல் பாடிப் பாடி ஸ்டெல்லா அக்காவுக்குத் தொண்டை கட்டியது. நாடகம் முடிந்து, வழக்கம்போல் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கரடிக்குக் கை கொடுத்தார்கள். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் கையை விடவில்லை. அவளை இங்கே மலர் என்று சொல்கிறேன், உண்மைப் பெயர் வேறு. அவள் வலைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எங்கம்மா எந்திரிக்கவே மாட்டீங்கறாங்க. எல்லாருஞ் சத்தமாப் பாடுனா எந்திரிச்சுக்குவாங்களா?"

எனக்குத் தெளிவாகக் கேட்டது. காலையில் எழச் சோம்பல்படும் அம்மா யாரோ என்று நினைத்தேன். அவளுக்குப் பின்னால் அறுபது பிள்ளைகள் நின்றார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் கையை விட்டுவிட்டுப் போனாள்.

அன்றைய குறிப்பு இவ்வளவுதான்: 'பிள்ளைகள் ஏறக்குறைய இருநூறு. தறிச் சத்தம். மூன்றாம் பாட்டில் நல்ல ஒலி. கைகொடுத்தல் வழக்கம்போல்.' அவள் கேட்டதை நான் எழுதக்கூட இல்லை.

மூன்று வாரம் கழித்து அந்தப் பள்ளி ஆசிரியை மாஸ்டரிடம் தொலைபேசியில் பேசினார். மாஸ்டர் எங்களை உட்காரவைத்து, ஆசிரியை சொன்னதைத் தன் பென்சில் குறிப்பிலிருந்து அப்படியே படித்தார்.

மலரின் அம்மா மாதக்கணக்கில் சிறுநீரக நோயில் படுத்திருந்தவர். நாங்கள் போய்வந்த ஐந்தாம் நாள் இறந்துவிட்டார். வாசலில் கிடத்தியிருந்தபோது மலர் அம்மாவின் தலைமாட்டில் நின்று பாடியிருக்கிறாள். அம்மா என்று மாற்றிப் பாடவில்லை. ஒரு வார்த்தை மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தோமே. கரடி மாமா எந்திரிங்க என்றுதான் பாடியிருக்கிறாள். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு திரும்பி அங்கே இருந்தவர்களிடம், "சத்தம் பத்தலை. எல்லாரும் பாடுங்க" என்று கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து பாடினார்கள். ஓர் அத்தை வாயைப் பொத்தி இழுத்திருக்கிறார். அவள் திமிறிக்கொண்டு போய் அப்பாவின் கையைப் பிடித்து, "நீங்க பாடுங்கப்பா" என்றாள். அப்பா தறி ஓட்டுகிறவர். தறிக்கு மேல் பேசிப் பழகிய குரல், அந்த வீதியிலேயே பெரிய குரல். அவர் வாயைத் திறக்கவில்லை. அம்மாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து மலர் அப்பாவோடு பேசவில்லை. அவர் போட்ட சோற்றைத் தின்பதில்லை. அத்தை போட்டால் தின்கிறாள். அப்பா பாடாததால்தான் அம்மா எழவில்லை என்கிறாள். ஆசிரியை எடுத்துச் சொன்னதற்கு, "கரடி ஆமான்னு சொல்லுச்சு" என்றிருக்கிறாள். "அப்ப கரடி வந்து இல்லேன்னு சொல்லட்டும்."

படித்து முடித்து மாஸ்டர் காகிதத்தை மடித்தார். "தலையாட்டுனது யாருங்க?" என்று கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை.

"நானுங்க."

"அப்ப நீங்கதான் போகோணும்."

ஸ்டெல்லா அக்கா அழுதுகொண்டே, "ஒருத்தர் பாடலீன்னாலும் எந்திரிக்க மாட்டாருன்னு சொன்னது நானுங்க மாஸ்டர். நானும் வாரேன்" என்றார்.

"எழுதுனது நானுங்க அம்மணி" என்றார் மாஸ்டர். "எல்லாரும் போயி அந்தப் புள்ளை முன்னால நின்னா அது பயந்துபோயிரும். அவரு போகட்டும். நான் வெளிய நின்னுக்கறேன்."

அன்று மாலை என்ன சொல்வது என்று இரண்டு பக்கம் எழுதினேன். வானம், நட்சத்திரம், சாமி எல்லாம் அதில் இருந்தன. மாஸ்டரிடம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா எழுதியிருக்கீங்க. இதுல ஒண்ணும் வேண்டாங்க. அது என்ன கேக்குதோ அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இந்தத் தடவை தலையாட்டாதீங்க."

சனிக்கிழமை காலை, ஆள் இல்லாத பள்ளி. வேனுக்குள் வைத்து மாஸ்டரே எனக்குக் கழுத்துத் துண்டைச் சுற்றிவிட்டார். வராந்தாவில் மலரின் அப்பா குனிந்து உட்கார்ந்திருந்தார். என்னைவிட இளையவர். அவர் சட்டையில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. கரடி வேடத்தில் அவரைத் தாண்டிப் போனேன். அவர் தலை நிமிரவில்லை.

வகுப்பறையில் மலர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியை என்னைக் கண்டதும் எழுந்து மூலைக்குப் போனார். நான் தரையில் உட்கார்ந்து தலையைக் கழற்றினேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பிள்ளையின் கண் முன்னால் அதைக் கழற்றியது அன்றுதான். வியர்வையில் என் முடி ஒட்டிக்கிடந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது.

மலர் கத்தவில்லை. தலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க கரடி இல்லீங்களா?"

"இல்லீங்க அம்மணி. கரடியாட்டம் நடிக்கறவன்."

"அன்னைக்குச் செத்துப்போயிட்டு எந்திரிச்சீங்கல்ல?"

"சாகலை கண்ணு. படுத்துட்டு இருந்தேன்."

"தூங்குனீங்களா?"

"தூங்கவும் இல்லை. முழிச்சுட்டுத்தான் இருந்தேன். நீங்க பாடறதைக் கேட்டுட்டு இருந்தேன்."

"அப்பறம் ஏன் மொதல்லயே எந்திரிக்கலை?"

"மூணாவது தடவைக்குத்தான் எந்திரிக்கோணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க."

"யாரும் பாடலீன்னா?"

"பாடலீன்னாலும் எந்திரிச்சிருப்பேன்."

அவள் கரடித் தலையின் வாய்க்குள் விரலை விட்டு வலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எங்கப்பா சத்தமாப் பாடியிருந்தா அம்மா எந்திரிச்சிருப்பாங்களா?"

என் கழுத்து தானாக அசையத் தொடங்கியதை உணர்ந்தேன். இத்தனை ஆண்டுப் பழக்கம். கையுறையோடு என் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லை கண்ணு. எந்திரிச்சிருக்க மாட்டாங்க. அன்னைக்கு நான் தலையாட்டுனது தப்பு. எனக்குத் தெரியாம ஆட்டிப்போட்டேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன். எழுதி வைத்த இரண்டு பக்கமும் நாக்கு நுனியில் நின்றன. அவள் கேட்காததால் நான் சொல்லவில்லை.

"நீங்க ஊட்ல தூங்கறப்பக் குறட்டை விடுவீங்களா?" என்றாள் திடீரென்று.

"விடுவேன்னு சொல்லுவாங்க."

"எங்கம்மாவும் விடுவாங்க. பெருசா. தறியாட்டம் ஓட்டறான்னு எங்கப்பா சிரிப்பாரு." விரலை வலையிலிருந்து எடுத்தாள். "அன்னைக்கு விடலை. நான் கேட்டுப் பாத்தேன்."

பெஞ்சிலிருந்து இறங்கினாள். வராந்தாவுக்குப் போய் அப்பாவின் முழங்காலுக்கு எதிரில் நின்றாள். திறந்த கதவு வழியாக எனக்குத் தெரிந்தது.

"அம்மா குறட்டை விடலைல்லப்பா அன்னைக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். வீதியிலேயே பெரிய குரல் என்று சொன்ன அந்தக் குரல் காற்றாகத்தான் வந்தது. "இல்லை சாமி. விடலை."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அழுதார். அவள் அழவில்லை. அவர் சட்டையிலிருந்த பஞ்சுத் தூசியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒத்திகையில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரடி படுக்கும் இடத்தில் தானே படுத்தார். அறுபதை நெருங்கிய மனிதர். வாயைத் திறந்து மூன்று முறை குறட்டை விட்டார். வயிறு ஏறி இறங்குவது கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்றார். "ஒருக்கா செஞ்சு பாத்தரலாங்களா?" என்றார். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஸ்டெல்லா அக்காவின் வசனத்திலிருந்து 'ஒருத்தர் பாடலீன்னாலும்' என்ற வரியையும் பென்சிலால் அடித்தார். கைகொடுக்கும்போது வருகிற கேள்விகளுக்குத் தலையாட்டும் விதியும் அன்றோடு போயிற்று. கரடி இரண்டு கையையும் விரித்து 'எனக்குத் தெரியாது' என்று காட்டினால் போதும் என்றார். நான் பழகிய மூச்சடக்கம் பிறகு எந்த மேடையிலும் தேவைப்படவில்லை.

மலரை அதன் பிறகு பார்க்கவில்லை. அந்தப் பள்ளி எங்களை மறுபடி கூப்பிடவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மாஸ்டர் போன ஆண்டு காலமானார். பெரிய குறிப்பேதும் எழுத முடியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது, குனிந்து ஒரு நொடி காதைக் கொடுத்துக் கேட்டேன். பெட்டியின் குளிர்சாதன ஓசை மட்டும் கேட்டது. இதையும் இப்போதுதான் எழுதுகிறேன்.

நித்யா, உங்கள் கேள்விக்குப் பதில். குறட்டையை எடுக்க வேண்டாம். ரெக்கார்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று குறட்டை, வயிறு நன்றாக ஏறி இறங்க வேண்டும். மூன்றாவதுக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்த பிறகுதான் பாட்டு. சிரிக்காவிட்டால் நான்காவது விடச் சொல்லுங்கள். கடைசி வரிசை சிரிக்கும்வரை காத்திருங்கள்.